குதிரைக்குத் தைத்த குடைத்துணி

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கறுப்புத் துணி மடித்து வைத்திருக்கிறேன். குடைத்துணி. முக்கோணம் முக்கோணமாக வெட்டிச் சேர்த்துத் தைத்தது. உள்பக்கம் பழைய வேட்டி. தையல் ஓரமெல்லாம் மெழுகு தேய்த்திருக்கும். வெயில் நாளில் பெட்டியைத் திறந்தால் மெழுகு வாசனை வரும். மழை நாளில் குதிரை வாசனை வரும். இத்தனை வருடம் ஆகியும் அது போகவில்லை. உழவர்கரையில் மகன் வீட்டுக்கு நான் வந்த புதிதில் மருமகள் பெட்டியைத் துடைக்கும்போது அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். "இன்னா அத்த இது, பழைய குடையா?" என்றாள். போர்வை என்றேன். "யாரு போத்திக்கினது?" என்றாள். உங்க மாமா என்றேன். அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டும். அன்று அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது.

அவர் குதிரை வண்டி ஓட்டினார். ரயிலடியில் நிற்பார். ரயில் இல்லாத நேரத்தில் பெரிய மார்க்கெட்டுக்குப் போவார். வெள்ளைக்கார வீதியில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு வருவார். நான் மில்லில் ரீலிங்கில் இருந்தேன். பாபினிலிருந்து வரும் நூலைச் சிட்டமாகச் சுற்றும் இடம். நின்றுகொண்டே செய்கிற வேலை. மிஷின் சத்தத்தில் பேச முடியாது, பேசாமலே பழகிவிட்டது. அவருக்குப் பிறவியிலேயே பேச்சு கம்மி. கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வூட்ல ஆளு இருக்கறதே தெரியலியே, ஊருக்குப் போய்ட்டீங்களோன்னு நெனச்சேன்" என்று வந்து எட்டிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் உள்ளேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

குதிரை செம்மண் நிறம். பொட்டைக் குதிரை. பெயர் வைக்கவில்லை, குதிரை என்றுதான் சொல்வோம். பெயர் பிறகு தானாக வந்தது. எங்களிடம் வருவதற்கு முன்னால் இருந்த இடத்தில் ஒரு புயலில் கொட்டகை சரிந்து அதன் மேலே விழுந்ததாம். அதிலிருந்து கூரைக்கு அடியில் நிற்காது. அவர் வீட்டுக்குப் பின்னால் நல்ல கீற்றுக் கொட்டகை போட்டார். இரண்டு நாளில் உதைத்துச் சாய்த்துவிட்டது. மறுபடி போட்டார். மறுபடி உதைத்தது. பிறகு அவர் கொட்டகையில் வண்டியை விட்டுவிட்டு, குதிரையைக் காலி மனையில் பூவரச மரத்தடியில் கட்டினார். வெயிலோ மழையோ பனியோ, அது அங்கேதான். கோடையில் கஷ்டமில்லை. ஐப்பசி பிறந்தால்தான் கவலை. அதற்கு மயிர் குட்டை, எலும்பு தெரிகிற உடம்பு. நனைந்து காற்றடித்தால் தோலெல்லாம் சிலிர்த்து ஓடும், நடுங்கும். அதனால் மேலே ஏதாவது போட வேண்டியிருந்தது.

எங்களிடம் மூன்று இருந்தன. ஒன்று கம்பளி. நாலு வீடு தள்ளி இருந்த சொல்தா கொடுத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோன் வரை போய்வந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு இருந்தவர். தெருவில் எல்லோரும் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் சொல்வோம்; நேரில் ஐயா என்பதற்கு மிசே என்போம். அந்தக் கம்பளி நனையாத வரை நல்லது. நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாது. தண்ணீரைக் குடித்துக்கொண்டு குதிரை முதுகில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று கோணி. நாலு கோணியைப் பிரித்துச் சேர்த்தது. மழைக்குக் கொஞ்சம் தாங்கும், ஆனால் தோளில் தேய்த்துப் புண்ணாக்கும், இரண்டு நாளில் நாறும். மூன்றாவது மெல்லிசு. மில் காடாவை இரண்டு மடிப்பாக வைத்து நான் தைத்தது. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை, வயிற்றுக்கு அடியில் இரண்டு நாடா, வாலுக்கு அடியில் ஒரு கயிறு. மெல்லிசு மழைக்கு நிற்காது. ஆனால் பனிக்கு அது போதும். நனைந்தாலும் ஒரு மணி வெயிலில் காய்ந்துவிடும். அது இருப்பது குதிரைக்கே தெரியாது.

எங்கள் ஊர் மழைக்காலம் ஒரே மாதிரி இருக்காது. காலையில் பனி மூட்டம் கடலை மறைக்கும். பத்து மணிக்கு முதுகு எரியும். மூன்று மணிக்குக் கடலிலிருந்து ஒரு மேகம் வந்து ஊற்றிவிட்டுப் போகும். சாயங்காலம் வடக்கே இருந்து காற்று. இதில் எதைப் போடுவது? கனமாகப் போட்டால் வெயிலில் வேர்க்கும். வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் இருமல். ஒன்றுமே போடாவிட்டால் நனைந்து நடுங்கும். கனம் வேறு, சூடு வேறு என்று அவர் சொல்வார். அவர் சொன்ன நீளமான பேச்சே அதுதான். "மயிரு நனையாம இருந்தா அதோட சூட்ட அதுவே பாத்துக்கும். நாம மேல போயி குந்தக் கூடாது" என்பார். சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க இரண்டு இடத்தைத் தொடுவார். காதின் அடி ஒன்று. முன்னங்காலுக்குப் பின்னால், போர்வைக்குள் கையை விட்டு, ஒன்று. காது சில்லிட்டிருந்தால் குளிர்கிறது. உள்ளே ஈரமாக இருந்தால் வேர்க்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர் நெற்றியைத் தொட மாட்டார், காதைத்தான் தொடுவார். என் காதையும் தொட்டிருக்கிறார்.

எதைப் போடுவது என்று அவர் என்னைக் கேட்பார். அதற்குக் காரணம் நூல். காற்று காய்ந்திருந்தால் நூல் சும்மாச் சும்மா அறும். கட்டிக் கட்டிக் கை வலிக்கும். காற்றில் ஈரம் ஏறினால் நூல் சாதுவாக ஓடும். அறவே அறாது. வானத்தில் மேகமே இருக்காது, ஆனால் மத்தியானத்திலிருந்து நூல் சாதுவாக ஓட ஆரம்பிக்கும். எங்கள் செட்டில் உள்ள பெண்கள் அதைப் பார்த்தே வடாம், துணி எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைக்க வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். கல்யாணமான முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் கோணியை எடுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றார். நான், "மழ வராது. நூலு அறுந்துகினே இருந்திச்சி" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோணியை வைத்துவிட்டு மெல்லிசை எடுத்தார். அன்று மழை வரவில்லை. நல்ல பனி இறங்கியது.

மறுநாளிலிருந்து தினம் கேட்டார். நான் மில்லிலிருந்து வந்து கால் கழுவும்போது அவர் பூவரச மரத்தடியில் குதிரையை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருப்பார். திரும்பாமலே, "நூலு எப்டி இருந்திச்சி?" என்பார். அறுந்திச்சி என்பேன், அல்லது சாதுவா ஓடிச்சி என்பேன். பிறகு எது என்று நான் சொல்வேன். மெல்லிசு. கோணி. கம்பளி. அவர் எடுத்துப் போடுவார், நான் மறுபக்கம் நின்று நாடாவை வாங்கிக் கட்டுவேன். குதிரை வயிற்றுக்கு அடியில் அவர் கையிலிருந்து என் கைக்கு நாடா வரும். எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த பேச்சு அது ஒன்றுதான். அன்றன்றைக்கு அது வராமல் எனக்குச் சோறு இறங்காது. இதை அவரிடம் சொன்னதில்லை.

ரயிலடியில் மற்ற வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள். "இன்னாபா, குதிரைக்கு சீர் வரிசையா? சால்வ போத்தி இட்டாந்திருக்கே" என்பார் ஒருவர். "மாப்ள குதிரடா அது. கொஞ்சம் சந்தனம் பூசு" என்பார் இன்னொருவர். அவர் வீட்டுக்கு வந்து என்னிடம், "சந்தனம் பூசணுமாம்" என்று மட்டும் சொல்வார்.

சில வருடம் கழித்து ஒரு பொங்கலுக்குச் சேதராப்பட்டிலிருந்து என் நாத்தனார் வந்தாள். அவருக்கு நேர் எதிர். வாய் ஓயாது. வந்தால் வீடு கலகலவென்று இருக்கும், எனக்கும் பிடிக்கும். போகி அன்று விடியற்காலையில் நான் எழுந்திருப்பதற்குள் அவளே பழைய பாய், தேய்ந்த துடைப்பம், கிழிந்த முறம் எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டாள். நல்ல தீ. தெருப் பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேலியில் மெல்லிசு காய்ந்துகொண்டிருந்தது. ஏழெட்டு ஒட்டுப் போட்டது, பழுப்பேறியது. பார்க்கிறவர்களுக்குக் கந்தல்தான். அதையும் இழுத்துத் தீயில் போட்டுவிட்டாள். அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தபோது ஒரு நாடா மட்டும் தீக்கு வெளியே கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாண்ணா பாக்கற? கந்தல்தானே?"

"குதிரையோட போர்வ."

"குதிரைக்குப் போர்வையா! எங்க ஊட்ல மனுசனுக்கே ஒண்ணுதான், இழுத்துக்கினு கெடப்போம். வுடுண்ணா, நாளைக்கி தை பொறக்குது, குளிரு போயே போச்சி. இனிமே எதுக்கு அதுக்குப் போர்வ?"

அவர் நாடாவையும் தீயில் போட்டார். "எரிஞ்சது எரிஞ்சி போச்சி. காப்பி குடிச்சியா?" என்று தங்கையைக் கேட்டார். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? போகி அன்று வேலியில் கந்தல் தொங்கினால் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். தை பிறந்தால் குளிர் போகும் என்று நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொள்வோம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று ஊரில் சொல்கிறவர்களும் நாங்கள்தான். சொல்வது ஒன்று, செய்வது ஒன்று.

மாட்டுப் பொங்கலுக்குக் குதிரையையும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மாலை போட்டோம். நாத்தனார் அதற்குப் பொங்கல் ஊட்டினாள். அவள் ஊருக்குப் போன மறுநாள் காலம் தப்பின மழை பிடித்தது. தையில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. வடக்குக் காற்றும் சேர்ந்தது. மெல்லிசு இல்லை. கோணி தேய்த்துத் தோளில் பழைய புண் இருந்தது. அவர் கம்பளியைப் போட்டார். அது விடிய விடியத் தண்ணீரைக் குடித்தது. காலையில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. நனைந்த கம்பளிக்கு அடியில் குதிரை புழுங்கியது. அவர் அவசரமாகக் கழற்றினார். வேர்த்த உடம்பில் காற்று அடித்தது. சாயங்காலம் இரும ஆரம்பித்தது. இரண்டு நாளில் மூக்கிலிருந்து வடிந்தது. புல்லை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மாட்டு டாக்டர் வந்து நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்று ஊசி போட்டார். "நனையவும் கூடாது, வேர்க்கவும் கூடாது. உள்ளே கட்டுங்க" என்றார். அது உள்ளே நிற்காது என்று இவர் சொன்னார். "அப்போ உங்க பாடு" என்று டாக்டர் சைக்கிளில் ஏறினார். அன்று இவர் அதை உள்ளே கட்டியும் பார்த்தார். அந்த நோயிலும் உதைத்தது. உதைத்துவிட்டு நிற்க முடியாமல் தள்ளாடியது. வெளியே கொண்டுவந்து மரத்தடியில் விட்டதும் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டது. அவர் அதன் காதைப் பிடித்தபடியே, "இது போச்சின்னா வண்டிய வெறகுக்குப் போட்டுடுவேன். தட்டாஞ்சாவடில கம்பெனிக்கு வாட்ச்மேன் கேக்கறாங்களாம்" என்றார்.

வாட்ச்மேன் வேலை ஒன்றும் கேவலமில்லை. மழையில் நனையாமல் உட்காரலாம். என் பயம் அது இல்லை. குதிரை போனால் சாயங்காலம் அவர் எதற்காக என்னை நூலைப் பற்றிக் கேட்கப் போகிறார்? அது போனால் எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. குதிரை பிழைக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது குதிரைக்காக. நான் வேண்டிக்கொண்டது எனக்காக.

மறுநாள் மில் கேட்டில் தூறல். சங்கு ஊதட்டும் என்று நாங்கள் பெண்கள் எல்லாம் நின்றிருந்தோம். என் முன்னால் நின்றவள் குடையை மடக்கி ஒரு உதறு உதறினாள். தண்ணீர் முழுக்க என் முகத்தில் அடித்தது. "கண்ணு தெரியலியாடி?" என்று பக்கத்தில் இருந்தவள் அவளைத் திட்டினாள். நான் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதறினதும் காய்ந்துவிட்டது. கையால் தொட்டுப் பார்த்தேன். கனமே இல்லை. நான் அடிக்கப் போகிறேன் என்று நினைத்துக் குடைக்காரி, "ஏங்கா, அடிச்சிடாத" என்று பின்னால் போனாள்.

வேலை விட்டதும் மார்க்கெட் ஓரத்தில் குடை ரிப்பேர் செய்கிறவரிடம் போனேன். கம்பி உடைந்து, கேட்பாரில்லாமல் போன குடைகள் அவரிடம் ஒரு மூட்டை இருக்கும். பழைய துணி வேண்டும் என்றேன்.

"எத்தினி ஆளுக்கும்மா?"

"ஒரு ஆளுக்குத்தான். நாலு காலு."

"நாலு காலா? கட்டிலுக்கா?"

"குதிரைக்கு."

அவர் வாயில் இருந்த பீடியை எடுத்துவிட்டார். "குதிரைக்குக் குடையா? பிடி எங்க வெப்ப, வால்லயா?" என்று அவரே சிரித்தார். பிறகு எழுந்து மூட்டையை அவிழ்த்து, ஓட்டை இல்லாததாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "பொழைச்சா எனக்கு ஒரு சவாரி குடுக்கச் சொல்லு" என்றார்.

அந்த முக்கோணங்களைச் சேர்ப்பது லேசில்லை. கோணி ஊசியால் தைத்தால் ஓட்டை பெரிதாகிவிடும். ஒவ்வொரு ஓட்டையிலும் மழை இறங்கும். மெல்லிய ஊசியால் நெருக்கமாகத் தைத்தேன். ஓடு வேய்வது போல மேல் துண்டு கீழ்த் துண்டின் மேலே ஏறிப் படிகிற மாதிரி வைத்தேன். முதுகெலும்பின் மேலே மட்டும் தையல் வரவே கூடாது. அதற்கு இருந்ததிலேயே பெரிய குடையின் துணி. உள்ளே அவருடைய பழைய வேட்டி, ஒரே மடிப்பு. சொல்தா வீட்டு அம்மா மாதா கோயிலிலிருந்து எரிந்து மிஞ்சின மெழுகுவத்தித் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தையல் மேலெல்லாம் தேய்த்தேன். முடித்ததும் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது.

போடப் போனால் குதிரை மிரண்டது. குடைத்துணி சரசரவென்று சத்தம் போட்டது. நோயில் கிடந்த குதிரை இரண்டு காலில் எழும்பியது. மேலே கூரை விழுகிறது என்று நினைத்திருக்கும். இத்தனை செய்தும் வீண் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கினார். தன் தோளில் போட்டு, நெஞ்சுப் பட்டையைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டார். அப்படியே குதிரை பக்கத்தில் போய் நின்றார். அது விலகியது. அவர் நின்றார். வைக்கோல் அள்ளினார், தண்ணீர் தூக்கினார், எல்லாம் அதைப் போர்த்திக்கொண்டே. வால் கயிறு அவருக்குப் பின்னால் தரையில் இழுபட்டது. தெருவே வேலியில் வந்து நின்றது. சொல்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"ஏன்டா தம்பி, நீ எப்படா குதிரையான?"

"இப்பத்தான், மிசே."

"வண்டியில பூட்டட்டுமா?"

"மொதல்ல கொள்ளு வைங்க."

நான் அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். இருட்டும் நேரத்தில் குதிரை மெதுவாகக் கழுத்தை நீட்டி அவர் தோளில் இருந்த கறுப்புத் துணியை மோந்தது. பிறகு உதட்டால் இழுத்தது. அவர் கழற்றி அதன் முதுகில் போட்டார். அது நின்றது. நான் மறுபக்கம் போய் நாடாவை வாங்கினேன்.

அந்த வாரம் முழுக்க தூறலும் வெயிலும் மாறி மாறி வந்தது. தூறலில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. வெயிலில் அவர் நெஞ்சுப் பட்டையைத் தளர்த்திவிட்டால் அடியில் காற்று போய் வந்தது. காதடி சில்லிடவில்லை, உள்ளே ஈரமில்லை. ஊசியும் தொடர்ந்து போட்டார்கள். எது பிழைக்க வைத்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் நான் மில்லிலிருந்து வந்தபோது குதிரை புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பாமலே கேட்டார். "நூலு எப்டி இருந்திச்சி?" புல் கடிபடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். இன்னொரு முறை கேட்டார்.

மாசி மகத்துக்குள் வண்டியில் பூட்டினார். வைத்திக்குப்பத்தில் சாமியெல்லாம் கடலுக்கு வரும், சனம் தாங்காது. கூட்டத்தில் வண்டி நின்றபோது பனிக்காகக் கறுப்பை எடுத்துப் போட்டார். கழுத்தில் பட்டை, கறுப்பு அங்கி, நிமிர்ந்த தலை. ரயிலடி வண்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "தள்ளுங்கடா, தள்ளுங்கடா, வக்கீலம்மா கோர்ட்டுக்கு வர்றாங்க!" என்று கத்தினார். கூட்டம் சிரித்து வழி விட்டது. அன்றிலிருந்து குதிரைக்கு வக்கீலம்மா என்று பெயர். ஊர் முழுக்க அப்படியே கூப்பிட்டது. நாத்தனார் விஷயம் கேள்விப்பட்டு அழுதுகொண்டு ஒரு ஜமக்காளத்தோடு வந்தாள். "இத போத்து அண்ணி. நல்லா தடிமனா இருக்குது, ஏழு வருசத்துக்குக் கெடக்கும்" என்றாள். கம்பளியைவிடக் கனம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர், "நல்லா இருக்குது" என்று வாங்கிக்கொண்டார். அதில்தான் நாங்கள் படுத்தோம்.

வக்கீலம்மா அதன் பிறகு பல மழைக்காலம் பார்த்தது. ரயிலடிக்கு ஆட்டோ வந்து, சவாரி குறைந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை மட்டும் கொண்டுபோன காலத்தில் ஒரு ஐப்பசியில் பூவரச மரத்தடியில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. வயதுதான். கறுப்பு அதன் மேலேதான் இருந்தது. அவர் கழற்றி, துடைத்து, ஆணியில் மாட்டினார். சொன்னபடி வண்டியை விறகுக்குப் போட்டார். தட்டாஞ்சாவடிக்கு வாட்ச்மேனாகப் போனார்.

நான் பயந்தது நடந்தது. சாயங்காலம் நான் வரும்போது அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டிருப்பார். சோற்றுத் தூக்கை எடுத்துக் கொடுப்பேன். வாங்கிக்கொள்வார். சைக்கிள் மணி ஒரு முறை அடிக்கும், அவ்வளவுதான். மரத்தடியில் முளைக்குச்சி மட்டும் இருந்தது. மில்லில் நூல் அறுந்தது, ஓடியது. நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துப் போட முதுகு இல்லை.

கார்த்திகை வந்தது. ஒரு சாயங்காலம் மழையா வெயிலா என்று சொல்ல முடியாத வானம். அவர் தூக்கை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். போகவில்லை. வானத்தைப் பார்த்தார். பிறகு திரும்பாமலே, "நூலு எப்டி இருந்திச்சி?" என்றார்.

மறந்துபோய்க் கேட்கிறார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. தன் தோளைக் கையால் ஒரு தரம் தட்டிக் காட்டினார்.

"சாதுவா ஓடிச்சி" என்றேன்.

"அப்போ எது?"

"கறுப்பு."

ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டேன். நெஞ்சுப் பட்டையை நானே கட்டினேன். அதே பட்டை, அதே முடிச்சு. சைக்கிளில் போகும்போது பின்னால் பறந்தது. தெரு முனையில் சொல்தா உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. கறுப்பு மட்டும் தெரிந்திருக்கும். "வக்கீலம்மாவா போறது?" என்று கேட்டார். "ஆமா மிசே" என்று இவர் சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு தினம் கேட்டார். பனிக்காலத்தில் கேட்டார், பங்குனியில் கேட்டார். சித்திரையில்கூடக் கேட்டார். சித்திரையில் போர்வைக்கு என்ன வேலை? இருந்தாலும் கேட்பார். அறுந்திச்சி என்பேன். ம் என்பார். போய்விடுவார். எண்பதுகள் முடிகிற நேரத்தில், அப்படி ஒரு சித்திரையில்தான் அவர் போனார். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரத்தில் நின்றபோது அவர் காதடியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது.

இப்போது கார்த்திகை. காலையில் பனி இருந்தது, பத்து மணிக்கு வெயில் ஏறியது, இப்போது கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. மருமகள் என் மகனுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டு நூல்கண்டைப் பெட்டியின் மேலே வைத்துவிட்டுப் போனாள். நான் கறுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குதிரை வாசனை வந்தது. வெள்ளைக்கார வீதி, ரயிலடி எல்லாம் வந்தது. நூலின் முனையைப் பிடித்து இழுத்தேன். ஒரு முழம், இரண்டு முழம். அறவில்லை. சாதுவாக ஓடியது.

கறுப்பு என்றேன்.